பால்டர்ஸ் கேட் 3: இரு கையிலும் வாள், கூடவே காட்டு மந்திரம் – புதியவர்களுக்கான வழிகாட்டி

இரண்டு கையிலும் வளைவாள், தேவைப்பட்டால் தரையிலிருந்து கொடியைக் கிளப்பி எதிரியின் காலைக் கட்டும் மந்திரம். இப்படி ஒரு பாத்திரம் வேண்டும் என்று ஆசைப்பட்டு பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டைத் தொடங்குகிறவர்கள் பலர், முதல் பாகம் முடிவதற்குள் “அடியே விழமாட்டேங்குது” என்று கைவிட்டுவிடுகிறார்கள். வாள் காரணமல்ல. இந்தப் பாத்திரத்தின் பலம் ஒவ்வொரு அடியோடும் ஒட்டிக்கொண்டு போகும் கூடுதல் சேதத்தில் இருக்கிறது. அதன் பலவீனம் போனஸ் ஆக்‌ஷன் என்ற ஒரே இடத்தில் இருக்கிறது: உங்கள் முறை வரும்போது முதன்மைச் செயலோடு கூடுதலாகச் செய்யக் கிடைக்கும் ஒரு சிறு செயல் அது. இந்த இரண்டையும் வைத்தே கீழே உள்ள எல்லா முடிவுகளும் எடுக்கப்பட்டிருக்கின்றன.

விளையாட்டில் தமிழ் கிடையாது. அதனால் திரையில் வரும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

1. தொடங்குமுன்: இடம், பணம், நேரம்

விளையாட்டுக்கு 150 ஜிபி இடம் வேண்டும், அதுவும் எஸ்எஸ்டியில். பழைய சுழலும் ஹார்டு டிஸ்கில் போட்டால் சுவரும் தரையும் ஒவ்வொன்றாக வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குறைந்தபட்சம் 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 970 அளவு கிராபிக்ஸ் கார்டு. பரிந்துரைப்பது 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். இடம் போதவில்லை என்றால் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரில் ஒரு 1 டிபி எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். இரண்டு மூன்று கடையில் விலை கேட்காமல் பணப்பையைத் திறக்காதீர்கள்.

விளையாட்டை முழு விலைக்கு வாங்க அவசரமில்லை. ஸ்டீமில் ஜூன் கடைசியிலும் டிசம்பரிலும் பெரிய தள்ளுபடி வரும். விருப்பப்பட்டியலில் போட்டுவைத்தால் விலை இறங்கும்போது மின்னஞ்சல் வந்துவிடும். கைமாற்று விற்பனைத் தளங்களில் “அக்கவுண்ட் பகிர்வு, பத்து வெள்ளி” என்று வருவதன் பக்கமே போகவேண்டாம். விற்றவர் கடவுச்சொல்லை மாற்றிய அன்று உங்கள் சேமிப்பும் போய்விடும்.

தேசிய சேவையில் இருப்பவர்களுக்கும், வீட்டில் கணினி, வெளியில் கைக்கருவி என்று இரண்டிலும் விளையாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: விளையாட்டைத் தயாரித்த லாரியன் நிறுவனத்தின் கணக்கு ஒன்றைத் திறந்து கிராஸ்-சேவ் வசதியை இயக்கிவிடுங்கள். கணினியில் விட்ட இடத்திலிருந்து வேறு கருவியில் தொடரலாம். கணினியில் எஃப்5 அழுத்தினால் உடனடிச் சேமிப்பு, எஃப்8 அழுத்தினால் மீட்பு. மிகக் கடினமான ஆனர் மோடில் மட்டும் இந்தச் சலுகை இல்லை, அங்கே ஒரே சேமிப்புதான்.

2. கடினநிலையைத் தேர்ந்தெடுக்கும்போதே வரும் முதல் பொறி

புதியவர் என்பதால் மிக எளிதான எக்ஸ்ப்ளோரர் நிலையைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அதில் மல்டிகிளாஸ் செய்ய முடியாது. இந்தப் பாத்திரமோ ரேஞ்சர் (வேட்டை வீரன்), ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) என இரண்டு வகுப்பைக் கலந்து செய்வது. ஆகவே பேலன்ஸ்ட் நிலையில் தொடங்குங்கள்.

3. பாத்திர உருவாக்கம்: எண்கள்

இனம்: வுட் எல்ஃப் அல்லது வுட் ஹாஃப்-எல்ஃப். மற்ற இனத்தவரில் பெரும்பாலோர் ஒரு முறைக்கு 9 மீட்டர் நடந்தால் இவர்கள் 10.5 மீட்டர். கைக்கெட்டும் தூரத்தில் போய் அடிக்கிற பாத்திரத்துக்கு அந்த ஒன்றரை மீட்டர் பெரிய விஷயம்.

வகுப்பு: ரேஞ்சராகத் தொடங்குங்கள், ட்ரூயிட் பிறகு வரட்டும். காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

திறன் புள்ளிகள் 27. அவற்றை இப்படிப் பிரியுங்கள்:

டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 15, அதன்மேல் +2 போட்டு 17.
விஸ்டம் (ஞானம்) 15, அதன்மேல் +1 போட்டு 16.
கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14.
மீதி 2 புள்ளியில் ஸ்ட்ரெங்த் 10.
இன்டெலிஜென்ஸ் 8, கரிஸ்மா 8.

ரேஞ்சர், ட்ரூயிட் இருவருடைய மந்திரமும் விஸ்டத்தில்தான் ஓடுகிறது. கலப்பு வகுப்புகளில் பலர் மாட்டிக்கொள்ளும் ‘மந்திரத்துக்கு ஒரு திறன், இன்னொரு மந்திரத்துக்கு வேறொரு திறன்’ என்ற சிக்கல் இங்கே எழாது. டெக்ஸ்டெரிட்டிக்கு முதலிடம் கொடுப்பது அடிக்காக மட்டுமல்ல. யார் முதலில் ஆடுவது என்பதற்கு இதற்கு மூலமான டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் மேசை விளையாட்டில் இருபது முகப் பகடை உருட்டுவார்கள், இந்த விளையாட்டில் நான்கு முகப் பகடைதான். பகடையின் பங்கு இவ்வளவு சிறிதாக இருக்கும்போது டெக்ஸ்டெரிட்டியிலிருந்து வரும் +3 பல சண்டைகளைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிடும்.

17 என்ற ஒற்றைப்படை எண் வீணாகப் போகாது. முதல் பாகத்தில் ஆன்டி எத்தல் என்ற சூனியக்காரியிடமிருந்து கிடைக்கும் முடி ஒரு திறனை ஒன்று கூட்டும். 17 அப்படி 18 ஆகும், பின்னர் ஃபீட் (சில லெவல்களில் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறமை) மூலம் 20. ஆனால் கவனம்: எத்தலின் உயிர்ப்புள்ளி மிகக் குறைந்ததும் அவளே பேரம் பேச வருவாள். இந்தப் பாத்திரம் ஒரே முறையில் சரமாரியாக அடிப்பதால் பேச வாய்ப்புத் தராமலே கொன்றுவிடும் ஆபத்து உண்டு. அவள் சரியத் தொடங்கியதும் இடக்கை அடியை நிறுத்திவிட்டு, சின்னச் சின்ன அடியாகக் கொடுங்கள்.

ஃபேவர்ட் எனிமி, நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் என்று இரண்டு கேள்வி வரும். முன்னதில் எது பிடிக்கிறதோ அது. பின்னதில் வேஸ்ட்லாண்ட் வாண்டரர் எடுத்து நெருப்பைத் தேர்ந்தெடுத்தால் தீச் சேதம் பாதியாகும். இந்த உலகில் எங்கே திரும்பினாலும் எண்ணெய்ப் பீப்பாய் நிற்கிறது.

4. லெவல் வரிசை

உச்ச லெவல் 12. செல்ல வேண்டிய வரிசை இது.

*லெவல் 1 முதல் 5 வரை ரேஞ்சர்.* 2-இல் ஃபைட்டிங் ஸ்டைல் கேட்கும்போது டூ-வெப்பன் ஃபைட்டிங். இதைத் தவறவிட்டால் இடக்கை அடியில் உங்கள் டெக்ஸ்டெரிட்டி எண் சேராது, பகடை எண் மட்டும் விழும். “அடியே விழமாட்டேங்குது” என்பதன் பாதிக் காரணம் இதுதான். அதே லெவலில் மந்திரம் கேட்கும்போது ஹன்டர்ஸ் மார்க் கட்டாயம். 3-இல் குளூம் ஸ்டாக்கர்: யார் முதல் என்பதில் +3, சண்டையின் முதல் முறையில் கூடுதல் நடையும் ஒரு கூடுதல் தாக்குதலும். 4-இல் ஃபீட். 5-இல் எக்ஸ்ட்ரா அட்டாக், அதாவது வலக்கையால் இரண்டு அடி.

*லெவல் 6, 7: ட்ரூயிட்.* ட்ரூயிட் 2-இல் சர்க்கிள் ஆஃப் ஸ்போர்ஸ் (பூஞ்சை வழி) எடுங்கள். கரடியாக மாற ஆசையாக இருந்தால் மூன் சர்க்கிள் நல்லதுதான், ஆனால் கரடிக்கு வாள் பிடிக்கக் கை இல்லை. ஸ்போர்ஸ் தரும் சிம்பயாட்டிக் எண்டிட்டிதான் இந்தப் பாத்திரத்தின் இதயம்; கீழே ‘பூஞ்சை’ என்று சொல்வது இதைத்தான். வைல்டு ஷேப் (விலங்காக மாறும் ஆற்றல்) ஒன்றைச் செலவழித்தால் ட்ரூயிட் லெவலின் நான்கு மடங்கு தற்காலிக உயிர்ப்புள்ளி கிடைக்கும், அது இருக்கும்வரை ஒவ்வொரு ஆயுத அடியோடும் ஆறு முகப் பகடை ஒன்றின் நெக்ரோட்டிக் சேதம் கூடும்.

*லெவல் 8, 9: ட்ரூயிட் 4 வரை.* இங்கே இரண்டாவது ஃபீட்.

*லெவல் 10 முதல் 12:* இங்கே பாதை பிரிகிறது. ரோக் 3 எடுத்து தீஃப் ஆனால் இன்னொரு போனஸ் ஆக்‌ஷன் கிடைக்கும், அதாவது இடக்கையால் இரண்டு அடி. ஸ்னீக் அட்டாக் என்ற பதுங்கித் தாக்கும் கூடுதல் சேதமும் முறைக்கு ஒருமுறை சேரும். அல்லது ட்ரூயிடையே 7 வரை கொண்டுபோனால் தற்காலிக உயிர்ப்புள்ளி 16-இலிருந்து 28 ஆகும், நான்காம் நிலை மந்திரங்கள் திறக்கும், ட்ரூயிட் 6-இல் பிணங்களைப் பூஞ்சைப் பிணங்களாக எழுப்பும் ஃபங்கல் இன்ஃபெஸ்டேஷன் வரும். சேதம் மட்டுமே குறி என்றால் தீஃப். கட்டுரைத் தலைப்பில் உள்ள ‘காட்டு மந்திரம்’ முக்கியம் என்றால் ட்ரூயிட் 7. என் ஓட்டு இரண்டாவதுக்கு. 16 தற்காலிக உயிர்ப்புள்ளி மூன்றாம் பாகத்தில் இரண்டு அடிக்குத் தாங்காது, அது போனால் பூஞ்சைச் சேதமும் கூடவே போய்விடும்.

ட்ரூயிடாகத் தொடங்கினால் பூஞ்சை லெவல் 2-இலேயே வரும், ஆனால் இரண்டாவது வலக்கை அடி லெவல் 7 வரை தள்ளிப்போகும். முதல் பாகத்தின் கடினமான சண்டைகள் 4, 5 லெவலில் நடப்பவை. அங்கே எக்ஸ்ட்ரா அட்டாக் கையில் இருப்பதே மேல்.

ஏற்கெனவே வேறு வரிசையில் போய்விட்டீர்களா? முகாமில் விதர்ஸ் என்பவரிடம் 100 தங்கம் கொடுத்தால் வகுப்பு, புள்ளிகள், மந்திரங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றலாம். கப்பல் விழுந்த கடற்கரைக்குப் பக்கத்துப் பாழடைந்த கோயிலின் நிலவறையில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்காவிட்டாலும் பின்னர் முகாமுக்கு வந்துவிடுவார். இனத்தையும் தோற்றத்தின் சில பகுதிகளையும் தவிர, தவறான தேர்வு என்று அழவேண்டியது எதுவுமில்லை.

5. கணக்கு: ஹன்டர்ஸ் மார்க் எப்போது போடவேண்டும்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். ஹன்டர்ஸ் மார்க் போட்ட எதிரிமீது ஒவ்வொரு அடியும் ஆறு முகப் பகடை ஒன்று கூடுதலாக விழும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதைப் போட ஒரு போனஸ் ஆக்‌ஷன் வேண்டும். இடக்கை அடிக்கும் அதே போனஸ் ஆக்‌ஷன்தான்.

டெக்ஸ்டெரிட்டி 18, பூஞ்சை இயங்குகிறது, எல்லா அடியும் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வளைவாள் சராசரி 3.5, திறன் 4, பூஞ்சை 3.5. ஓர் அடிக்கு 11. மார்க் இருந்தால் 14.5.

முதல் முறையில் மார்க் போட்டால் வலக்கை அடி இரண்டு மட்டுமே மிஞ்சும்: 29. மார்க் போடாமல் மூன்று அடியும் அடித்தால்: 33. இரண்டாம் முறையில் மார்க் உள்ளவருக்கு 43.5, இல்லாதவருக்கு 33. ஆக இரண்டு முறை சேர்த்து 72.5-க்கு எதிராக 66.

இதிலிருந்து வரும் விதி: ஒரே முறையில் சாகப்போகிறவன்மீது மார்க் போடாதீர்கள். இரண்டு முறைக்கு மேல் நிற்கக்கூடிய தலைவன், ராட்சசன் போன்றோருக்கு மட்டும் போடுங்கள். மார்க் போட்டவன் செத்ததும் அதை அடுத்தவனுக்கு மாற்றவும் போனஸ் ஆக்‌ஷன் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தீஃப் ஆன பிறகு நிலைமை மாறும். முதல் முறையில் மார்க் போட்டால் 43.5, போடாவிட்டால் 44. கிட்டத்தட்ட சமம், அதன்பின் லாபம் மட்டுமே.

6. போனஸ் ஆக்‌ஷனுக்கு அடித்துக்கொள்கிறவை

ஷில்லேலா என்ற ட்ரூயிட் மந்திரம் தடியை விஸ்டத்தால் அடிக்கவைக்கும். பெயரளவில் இந்தப் பாத்திரத்துக்கென்றே செய்தது போலிருக்கும், நம்பாதீர்கள். அதைப் போடவும் போனஸ் ஆக்‌ஷன் வேண்டும், உங்கள் வாளுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. ஹீலிங் வேர்டும் போனஸ் ஆக்‌ஷன்தான். விழுந்த தோழனை எழுப்ப மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சிம்பயாட்டிக் எண்டிட்டிக்கு முழு ஆக்‌ஷன் வேண்டும். சண்டை தொடங்கியபின் போட்டால் இரண்டு வலக்கை அடி போச்சு. கதவைத் திறக்குமுன், பேச்சுவார்த்தை முறியும் என்று தெரிந்ததுமே போட்டுவிடுங்கள். வைல்டு ஷேப் இரண்டு முறைதான், ஆனால் சிறு ஓய்வில் திரும்பிவிடும். நாளுக்கு இரண்டு சிறு ஓய்வு உண்டு, ஆக ஒரு நீண்ட ஓய்வுக்கு ஆறு முறை. கஞ்சத்தனம் வேண்டாம். இன்னொன்று, தற்காலிக உயிர்ப்புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று சேராது. அதே வகைப் புள்ளி தரும் வேறு மந்திரத்தை இதோடு போட்டு வீணாக்காதீர்கள்.

பக்கத்து எதிரியைத் தாக்கும் ஹேலோ ஆஃப் ஸ்போர்ஸ், விலகி ஓடுபவனை அடிக்கவும் தேவைப்படும் ரியாக்‌ஷனைச் செலவழிப்பது. பொத்தானை நீங்களே அழுத்தவேண்டும். பூஞ்சை இயங்கும்போது அதன் சேதம் இரட்டிப்பு. எதிரி விலகி ஓடமாட்டான் என்று தோன்றும் முறைகளில் பயன்படுத்துங்கள்.

7. மந்திரங்கள்: ஒரே நேரத்தில் ஒன்றுதான் நிற்கும்

கான்சென்ட்ரேஷன் (தொடர் கவனம்) தேவைப்படும் மந்திரம் ஒன்றைப் போட்டால் முன்பு போட்டது அணைந்துவிடும். ஹன்டர்ஸ் மார்க், என்டாங்கிள், ஸ்பைக் குரோத், மூன்பீம், ஃபேரி ஃபயர், பாஸ் வித்அவுட் டிரேஸ் எல்லாமே அந்த வகை. தோழனுக்கு உதவப் போடும் கைடன்ஸ்கூட இதே வகை. சண்டைக்கு நடுவில் எதையோ அழுத்தி மார்க்கை அணைத்துக்கொள்வது அன்றாடம் நடக்கிற விபத்து.

ஆகவே கான்சென்ட்ரேஷன் கேட்காத மந்திரங்களைத் தயாராக வையுங்கள். லாங்ஸ்டிரைடர் 3 மீட்டர் கூடுதல் நடை தரும், சண்டைக்கு வெளியே போட்டால் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவில்லை, அடுத்த நீண்ட ஓய்வுவரை நிற்கும். காலையில் எழுந்ததும் குழுவில் எல்லோருக்கும் போட்டுவிடலாம். குட்பெரி, ஹீலிங் வேர்டு சரி. ட்ரூயிட் 5-ஐத் தொட்டால் பிளான்ட் குரோத்: எதிரியின் நடை நான்கில் ஒன்றாகக் குறையும்.

ஸ்பைக் குரோத் அருமையான மந்திரம்தான். நடக்கும் ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் முள் குத்தும். ஆனால் அந்த முள்ளுக்கு நண்பன் பகைவன் தெரியாது. அதைப் போட்டுவிட்டு வாளை ஓங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தால் உங்கள் காலில்தான் முதலில் ஏறும். குறுகலான கதவு, பாலம், மாடிப்படி போன்ற இடங்களில் எதிரி உங்களை நோக்கி வரும்படி நீங்கள் இந்தப் பக்கம் நின்றுகொண்டு போடவேண்டும்.

பார்க்ஸ்கின்னைத் தவிருங்கள். ஆர்மர் கிளாஸ் (தற்காப்பு எண்) 16-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. உங்களுக்கு ஏற்கெனவே 16 இருந்தால் அது செய்வது ஒன்றுமில்லை, கான்சென்ட்ரேஷனை மட்டும் தின்னும்.

ட்ரூயிட் மந்திரப் பட்டியலைச் சண்டைக்கு வெளியே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ரேஞ்சர் மந்திரங்களை அப்படி மாற்றமுடியாது, லெவல் ஏறும்போது ஒன்றுதான்.

8. ஃபீட்: டூயல் வீல்டர் அவசியமா?

பெயரைப் பார்த்ததும் எடுக்கத் தோன்றும். அது இல்லாமலே இரண்டு வாள் பிடிக்கலாம், இரண்டும் லைட் வகையாக இருந்தால் போதும். வளைவாள், ஷார்ட்சோர்ட், டாகர் எல்லாம் லைட். அந்த ஃபீட் தருவது ஆர்மர் கிளாஸ் +1, லைட் அல்லாத ஒற்றைக்கை ஆயுதங்களுக்கான அனுமதி. ஷார்ட்சோர்ட் சராசரி 3.5, ரேப்பியர் 4.5. வித்தியாசம் அடிக்கு ஒன்று.

முதல் ஃபீட்டில் டெக்ஸ்டெரிட்டியை இரண்டு கூட்டுங்கள். இரண்டாவதாக சாவேஜ் அட்டாக்கர்: கைச்சண்டை அடியின் சேதப் பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும். ஓர் ஆறு முகப் பகடைக்குச் சராசரியாக ஏறக்குறைய ஒன்று கூடும். பகடைகளை அடுக்கிக்கொண்டே போகும் உங்களுக்கு இதுதான் தோது. விதிவிலக்கு ஒன்று: அண்டர்டார்க் என்ற நிலத்தடி உலகில் கல்லில் குத்திநிற்கும் ஃபலார் அலூவே. லாங்சோர்ட் என்றாலும் டெக்ஸ்டெரிட்டியால் வீசலாம், அதன் ஷ்ரீக் பக்கத்து எதிரிகள் வாங்கும் ஒவ்வொரு அடியோடும் நான்கு முகப் பகடை இடிச் சேதம் சேர்க்கும். அதைப் பிடிக்க விரும்பினால் டூயல் வீல்டர் எடுப்பதில் நியாயம் உண்டு.

9. பொருள்கள்: எங்கே, எந்த நேரத்தில்

தேடவேண்டியது ‘அடிக்கு இவ்வளவு’ என்று எழுதியிருக்கும் பொருள்கள். ஒரே வாள் பிடிப்பவருக்கு +2 என்பது சில்லறை. முறைக்கு மூன்று, நான்கு அடி அடிக்கிறவருக்கு அது ஆறு, எட்டு.

அண்டர்டார்க்கில் காளான் மனிதர்களின் குடியிருப்பில் டெரித் போன்கிளோக் காஸ்டிக் பாண்ட் என்ற மோதிரம் விற்பாள். ஒவ்வொரு ஆயுத அடிக்கும் 2 அமிலச் சேதம். முதலில் வாங்கவேண்டியது இதுதான்.

மலைப்பாதையில் உள்ள கித்யாங்கி என்ற போர் இனத்தவரின் கிரெஷ் யி’லெக்கில் இரண்டு வேலை. அங்குள்ள வணிகர் அ’ஜக்’நிர் ஜீராவிடம் நைஃப் ஆஃப் தி அண்டர்மவுண்டன் கிங் என்ற ஷார்ட்சோர்டும் குளவ்ஸ் ஆஃப் டெக்ஸ்டெரிட்டியும் கிடைக்கும். அந்தக் கையுறை டெக்ஸ்டெரிட்டியை 18-ஆக ஆக்கும். ஆகவே அதை வாங்கினால் விதர்ஸிடம் போய் டெக்ஸ்டெரிட்டியை 8-க்கு இறக்கி, விஸ்டம் 17, கான்ஸ்டிடியூஷன் 16 என்று வைத்துக்கொள்ளலாம். 20 வரை போகமுடியாது என்பதே அதற்கு விலை. இன்குவிசிட்டர் அறையில் ஸ்ட்ரேஞ்ச் காண்ட்யூட் ரிங் இருக்கிறது: கான்சென்ட்ரேஷன் நிற்கும்வரை அடிக்கு நான்கு முகப் பகடை சைக்கிக் சேதம். வரிசை முக்கியம். கடையில் வாங்கவேண்டியதை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் இன்குவிசிட்டரிடம் போங்கள், அங்கே பேச்சு முற்றினால் கிரெஷ் முழுவதும் உங்கள்மேல் பாயும்.

காஸ்டிக் பாண்ட், ஸ்ட்ரேஞ்ச் காண்ட்யூட் இரண்டும் மாட்டி, மார்க்கும் பூஞ்சையும் ஓடும்போது அடிக்குச் சராசரி 19. மூன்று அடிக்கு 57.

கவசம் விஷயத்தில் மேசை விளையாட்டுப் பழக்கம் உள்ளவர்கள் ‘ட்ரூயிட் உலோகம் போடக்கூடாதே’ என்று தோல்கவசத்தோடு அலைவார்கள். இந்த விளையாட்டில் அந்தத் தடை இல்லை. கேடயம் பிடிக்காத நமக்கு ஆர்மர் கிளாஸ் இரண்டு குறைவாகவே இருக்கும், அதனால் கிரிம்ஃபோர்ஜ் என்ற இடத்து உலையில் அடமான்டைன் ஸ்கேல் மெயில் வார்த்துக்கொள்ளுங்கள். ஆர்மர் கிளாஸ் 16, கிரிட்டிக்கல் அடி உங்கள்மேல் விழாது. மீடியம் கவசத்தில் டெக்ஸ்டெரிட்டி +2-க்கு மேல் சேராது என்பதால் 18-தான் கணக்கு.

மூன்றாம் பாகத்தில் ஓரின் என்ற எதிரியிடமிருந்து கிடைக்கும் கிரிம்சன் மிஸ்சிஃப், பிளட்தர்ஸ்ட் என்ற ஜோடி இரண்டும் லைட் வகை. அதற்குமேல் ஆயுதம் தேடவேண்டியதில்லை.

10. அடி விழாதபோது பார்க்கவேண்டியவை

இடக்கை அடி தானாகச் சேரவில்லை என்றால் ஆயுதப் பெட்டிக்குப் பக்கத்தில் இரட்டை வாள் பொத்தான் அணைந்திருக்கிறதா பாருங்கள். எத்தலைப் போல உயிரோடு விடவேண்டியவரிடம் இதே பொத்தானை வேண்டுமென்றே அணைக்கலாம்.

பூஞ்சைச் சேதம் சிறுத்துத் தெரிந்தால் எதிரிமேல் வலது சொடுக்கி எக்ஸாமின் பாருங்கள். நெக்ரோட்டிக் சேதத்தைப் பாதியாக்கும், அல்லது ஒன்றுமில்லாமல் செய்யும் எதிரிகள் உண்டு, குறிப்பாக செத்தும் நடமாடும் கூட்டத்தில். இரண்டாம் பாகத்தில் அவர்கள்தான் எங்கும். அந்தச் சண்டைகளில் பூஞ்சையைத் தற்காலிக உயிர்ப்புள்ளிக்காக மட்டும் போட்டுக்கொண்டு, சேதத்துக்கு ஹன்டர்ஸ் மார்க்கை நம்புங்கள்.

நண்பர்களோடு இணையத்தில் விளையாடினால் நால்வர்வரை சேரலாம். ஆட்டம் அறையைத் திறந்தவரின் கருவியில்தான் ஓடும். சனிக்கிழமை இரவு அவர் நடுவில் வெளியேறினால் மற்ற மூவருக்கும் ஆட்டம் நின்றுவிடும். ஆகவே முகாமுக்குத் திரும்பாத நேரம் பார்த்துத் திடீரென்று மறைகிற நண்பரை அறை திறக்கச் சொல்லாதீர்கள்.